நாற்பத்தாறாம் பக்கத்துத் தேர்

கரூரில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஜெபக்கனி டீச்சர் தையல் சொல்லிக்கொடுத்து வந்தாள். மில் ஓடும்போது தரை லேசாக நடுங்கும். மிளகாய் அரைக்கிற நாளில் வகுப்பு கிடையாது. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும்போது யாரால் இழை எண்ண முடியும்?

டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் படிக்க வந்தவர்களில் மகா பிடிவாதக்காரியான மயிலாத்தாளுக்கு ஐம்பத்தாறு. குரு சிஷ்யையை 'அக்கா' என்று கூப்பிடுவாள். சிஷ்யை குருவுக்கு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அங்கே சொல்லிக்கொடுத்தது எண்ணித் தைக்கிற தையல். துணியில் பூவை வரைந்துகொண்டு கோட்டின்மேல் ஊசி ஓட்டுவது எல்லோரும் செய்வது. இதில் கோடே கிடையாது. நெய்திருக்கும் இழைகளை எண்ணி, நாலு எடுத்து நாலு விட்டு ஊசி போகவேண்டும். போன வழியே திரும்பி வந்து விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் துணிக்கு முன் எது, பின் எது என்று தைத்தவளுக்கே தெரியாது. ஒரு இழை தப்பினால் தப்பிய இடத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றிவந்து சேர்கிற இடத்தில் பல்லை இளிக்கும்.

ஒருநாள் மயிலாத்தாள் கேட்டாள்.

"டீச்சர், இந்தத் தையலுக்கு நல்ல பொஸ்தகம் எதுங்க?"

டீச்சர் ஊசியில் நூல் கோத்து நீட்டினாள். "இந்த வரிய முடிங்கக்கா."

"அது அப்புறமுங்க. பொஸ்தகம் மொதல்ல."

"எப்படிப்பட்ட புஸ்தகம்?"

"தப்பே இல்லாததுங்க."

டீச்சர் ஊசியைப் பஞ்சுத் தலையணையில் குத்தி வைத்தாள். "தேடுங்க. கெடச்சா எனக்கும் காட்டுங்க."

மயிலாத்தாள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு யூனிட்டில் அவள் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் நின்றவள். குழல்விளக்குக்குக் கீழே மேசைமேல் துணி ஓடும். அவள் கண் கூடவே ஓடும். எங்கே இழை அறுந்திருக்கிறதோ, எங்கே எண்ணெய்க் கறையோ, அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று போய் உட்காரும். "மயிலா பாத்துட்டாளா? அப்ப லாரில ஏத்து" என்று மேனேஜரே சொல்வார். அந்த யூனிட்டைத் தையில் இழுத்து மூடினார்கள். செக்கிங்கில் அவளோடு இருந்த பதினோரு பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். மயிலாத்தாளுக்கு வீட்டில் உட்காரத் தெரியாது.

கோவையில் மேசைவிரிப்புக் கடை வைத்திருந்த ஒரு அம்மாவைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். "எண்ணித் தைச்ச தேர் வேணும். சுத்தி பார்டர். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கணும். ஆவணி ஒண்ணாந்தேதி ஒரு மாதிரித் துணி கொண்டாங்க. நல்லா இருந்தா வருஷம் பூரா உங்க பதினோரு பேருக்கும் வேலை. இல்லைன்னா வேற ஆள் இருக்காங்க."

"கொண்டாறேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு ஒரு தையல்கூடத் தெரியாது.

அது சித்திரையில் நடந்தது. இப்போது ஆனி முடியப்போகிறது. மூன்று மாதத்தில் மூன்று தையல் கற்றிருந்தாள். முடித்த துணி என்று கேட்டால் ஒன்றுமில்லை. எங்காவது ஒரு இழை தப்பியிருப்பது கண்ணில் பட்டால் போதும், யூனிட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்டிக்கர் சுருளில் ஒன்றைக் கிழித்து அங்கே ஒட்டி, துணியை மடித்து மூட்டையில் போட்டுவிடுவாள். மூட்டை பெருத்துக்கொண்டே போனது. தப்பு தன் கையில் இல்லை, பார்த்துத் தைக்க ஒழுங்கான புத்தகம் இல்லாததுதான் என்று அவள் தீர்மானித்திருந்தாள். தான் பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் என்பது வேறு நெஞ்சில் பாரமாக இருந்தது. மனப்பாடத்தை வைத்துக்கொண்டு பதினோரு பேர் முன்னால் எப்படி நிற்பது?

தேட ஆரம்பித்தாள். அவள் தேடினால் அரைகுறையாகத் தேடமாட்டாள்.

முதல் புத்தகத்தைத் தங்கை மகன் மூலம் ஆன்லைனில் வாங்கினாள். வழவழ தாள், கலர் படம். ஒரு வாரம் கழித்து மாடிப்படி ஏறி வந்தவள் அதை டீச்சர் முன்னால் வைத்தாள். புத்தகத்துக்குள்ளிருந்து சிவப்பு அம்புகள் எட்டிப் பார்த்தன.

"பதினாலு தப்புங்க. கட்டத்துல ஒரு கணக்கு, படத்துல வேற கணக்கு."

"சரி" என்றாள் டீச்சர்.

"ரிஜெக்ட் பண்ணீட்டேனுங்க."

"சரிக்கா."

இரண்டாவது திருச்சியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அதில் தையலின் பின்பக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆறு அம்பு. மூன்றாவது வெளிநாட்டுப் புத்தகம், கோவையில் ஒரு கான்வென்ட் நூலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கினாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. இரவல் புத்தகம் என்பதால் அம்பு ஒட்டாமல், இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியை அதிலிருந்த துணிப் படத்தின்மேலும் தன் துணிமேலும் வைத்து மட்டும் பார்த்தாள். அந்த ஊர்த் துணியில் நெடுக்கிலும் குறுக்கிலும் இழை ஒரே கணக்கு. நம் ஊர்த் துணியில் அப்படி இல்லை. அதில் போட்டிருக்கும் சதுரத்தை இதில் தைத்தால் சதுரம் நீண்டுபோகும்.

"இதுவும் ஆகாதுங்க."

"தைச்சுப் பாத்தீங்களா?"

"தைக்கோணுமாங்க? பாத்தாலே தெரியுதே."

கீழே மில் நின்றது. அறை சட்டென்று அமைதியானது.

"அக்கா, ஒங்க யூனிட்ல தப்பே இல்லாத லாட் எத்தன வந்திருக்கும்?"

மயிலாத்தாள் யோசிக்கவே இல்லை. "ஒண்ணுகூட இல்லீங்க."

"இருவத்தாறு வருசத்துலயா?"

"தறின்னா அறுகத்தானுங்க செய்யும்."

"அப்போ லாரில ஏத்தினது எது?"

"ஸ்டிக்கர் ஒட்டுவமுங்க. அது மெண்டிங் மேசைக்குப் போகும். சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி. அம்பு காட்டற எடத்துல இழைய எடுத்துக் கோத்துச் சரி பண்ணுவா. திரும்ப எங்கிட்ட வரும். பாத்துட்டு அனுப்புவேன்."

"மடிச்சு மூட்டையில போட மாட்டீங்களா?"

"அதெப்படிங்க? ஒட்டறதே அவ பாக்கறதுக்குத்தானுங்க."

டீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்த பெண்ணின் துணியைப் பார்க்கப் போய்விட்டாள். மயிலாத்தாள் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். பிறகு இறங்கிப் போனாள். அவளுக்குக் கோபம் வந்தது. புத்தகத்துக்கு வழி கேட்டால் சின்னப்பொண்ணைப் பற்றிக் கேட்கிறாளே என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எடைக்குக் காகிதம் வாங்குகிற கடை ஒன்று இருந்தது. மழை பிடித்துக்கொள்ள, கூரைக்கு அடியில் ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் சும்மா நிற்பாளா? பழைய பள்ளிக்கூடப் புத்தகக் கட்டைப் பிரித்துக் கிளறினாள். அதில் அட்டை இல்லாத ஒன்று. முதல் நாலு பக்கமும் இல்லை. எழுதியவர் பெயர் தெரியவில்லை. என்றோ பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் பாடத்துக்கு வைத்திருந்த தமிழ்ப் புத்தகம் என்று மட்டும் தெரிந்தது. அறுபது பக்கம். நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு தேர்.

தேரைப் பார்த்ததும் மயிலாத்தாளுக்கு மழை மறந்துபோயிற்று. நாலு சக்கரம், சுற்றிலும் தொங்கும் துணித் தொம்பைகள், அடுக்கடுக்காய் மேலே போய்க் கலசம், அதற்கும் மேலே படபடக்கிற கொடி. கோவை அம்மா கேட்ட தேர் இதுதான் என்று மனசு அடித்துச் சொன்னது.

வீட்டில் விளக்கடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து செக்கிங் ஆரம்பித்தாள். ஒன்பது தப்பு அகப்பட்டது. ஒன்பதாவது அம்பை ஒட்டும்போதுதான் கவனித்தாள். ஓரத்தில் மங்கலாகப் பென்சில் எழுத்து. கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

'இங்கே ஒரு இழை குறைக்கவும்.'

பின்னால் புரட்டினாள். அவள் அம்பு ஒட்டிய ஒன்பது இடத்திலும் பென்சில் முன்னாடியே வந்து போயிருந்தது. அது பரவாயில்லை. அவள் அம்பு ஒட்டாத இடத்திலும் ஐந்து குறிப்புகள் இருந்தன.

'கைத்தறித் துணியானால் நெடுக்கே நாலு, குறுக்கே ஐந்து எடு. இல்லாவிட்டால் கோபுரம் ஒட்டடைக் கம்பாக வளரும்.'

'இந்த வழியாகப் போனால் திரும்ப முடியாது. இடக்கைக் கிளையை முதலில் முடி.'

'செவ்வாய்க்கிழமை மூன்று தரம் பிரித்தேன். நூல் நீளம் போதாது.'

மயிலாத்தாள் புத்தகத்தை மூடி வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் தன் கண்ணைத் தப்பி ஐந்து தப்பு போனதே இல்லை. அன்று சோறு இறங்கவில்லை.

ஆவணிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது மாடிப்படி ஏறினாள். மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் யாருமில்லை. டீச்சர் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இதப் பாருங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு எப்படிங்க அஞ்சு தப்பிச்சுது?"

"ஏன் கேக்கீங்க?"

"எங்கண்ணு தப்பாதுங்க டீச்சர்."

"நீங்க கண்ணால பாத்தீங்க. அந்தப் பிள்ள ஊசியால பாத்திருக்கா."

மயிலாத்தாள் இரண்டு தும்மல் தும்மினாள். பிறகு நாற்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

"இந்தத் தேருதானுங்க எனக்கு வேணும். இதுல எங்கயுமே பென்சில் இல்லீங்க. நாப்பத்தொண்ணாம் பக்கத்தோட அவ நின்னுட்டா."

"ஆமா."

"கல்யாணம் கட்டிக் குடுத்துட்டாங்களோ, ஊரு மாறிப் போனாளோ, தெரியல."

"தெரியாதுதான்."

"அப்ப தேருல தப்பு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"பாத்துச் சொல்லுங்களே."

"பாத்துட்டேன். தெரியல."

"பின்ன யாருக்குத்தானுங்க தெரியும்?"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு பென்சிலை எடுத்தாள். பிளேடால் நிதானமாகச் சீவினாள். ஊதிவிட்டு அதைப் புத்தகத்தின்மேல் வைத்தாள்.

மயிலாத்தாள் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது, மிளகாயினாலும் இருக்கலாம். பிறகு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. டீச்சரும் ஆள் அனுப்பவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். பதினோரு நாளும் அவள் வாசல் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தாள். நெடுக்கே நாலு, குறுக்கே ஐந்து. முதல் நாளே சக்கரத்தில் ஒரு இழை தப்பியது. வழக்கம்போல் கை ஸ்டிக்கர் சுருளுக்குப் போனது. ஒட்டினாள். துணியை மடிக்கப் போனவள், மடிக்கவில்லை. கொஞ்சநேரம் அம்பையே பார்த்துவிட்டு ஊசி முனையால் அந்த இடத்தைப் பிரித்தாள். பிரித்த இடத்தை மறுபடி எண்ணித் தைத்தாள். அம்பை உரித்து எறிந்தாள். அப்படி எத்தனை அம்பு உரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சக்கரம் ஏறியது. தொம்பை ஏறியது. கலசம் வந்தது. சுற்றிலும் பார்டரும் ஓடி முடிந்தது. கொடியில் போய் மாட்டிக்கொண்டாள். கலசத்திலிருந்து கொடிக்குப் போக ஊசிக்கு வழியில்லை. முன்பக்கம் அழகாகத்தான் இருந்தது. பின்னால் திருப்பினால், கலசத்துக்கும் கொடிக்கும் நடுவே நூல் ஒரு தாவல் தாவியிருந்தது. பிரித்தாள். வேறு வழியாக வந்தாள். அங்கேயும் தாவியது. நாலு தரம் பிரித்தாள். நாலாவது தரம் துணியே நைந்துபோகும்போல் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தாள். மீதி மூன்று நாள்தான்.

பிறகு புத்தகத்தை எடுத்து, கண்ணாடி வைக்காமல், விரலை ஊசி மாதிரி வைத்துக்கொண்டு தேரின்மேல் நடந்து பார்த்தாள். கலசத்தில் விரல் நின்றது. அடுத்து கால் வைக்க இடமில்லை.

கொடிக்குக் கம்பமே வரையவில்லை.

படம் போட்டவன் கொடியை அந்தரத்தில் பறக்கவிட்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு அது கொடிதான். அவளும் பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்துத்தானே மயங்கினாள். மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். கலசத்துக்கும் கொடிக்கும் நடுவே ஒரே ஒரு தையல் கம்பம் வைத்தாள். ஊசி ஏறிப்போய்க் கொடியைச் சுற்றிவிட்டுச் சமர்த்தாகக் கம்பத்தின் வழியே இறங்கி வந்தது.

பென்சிலைத் தேடி எடுத்தாள்.

ஆவணி இரண்டாம் தேதி மாடிப்படி ஏறினாள். வகுப்பு நிறைய ஆட்கள் இருந்தார்கள். மில் ஓடிக்கொண்டிருந்தது. நேரே போய் டீச்சர் முன்னால் உட்கார்ந்தாள்.

"துணியக் குடுத்துட்டேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"அந்தம்மா முன்னால பாக்கவே இல்லீங்க. வாங்குனதும் திருப்பிப் பின்னாலதான் பாத்தாங்க. அப்புறம் இது முன்னா பின்னான்னு கேட்டாங்க. எனக்கும் தெரியலைன்னேன்." மயிலாத்தாள் மூச்சு வாங்கினாள். "திங்கக்கெழமையிருந்து பதினோரு பேரும் எங்கூட்டுக்கு வர்றாங்க."

டீச்சர் முகத்தில் சந்தோஷம் வந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"புஸ்தகத்தக் காட்டுங்க."

மயிலாத்தாள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு அம்பு இருந்தது. அது தேரைக் காட்டவில்லை. ஓரத்தில் தடித்த பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருந்ததைக் காட்டியது.

'கொடிக்குக் கம்பம் இல்லை. ஒரு தையல் வை. நாலு தடவை பிரிச்சேன், நீ பிரிக்காதே.'

டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மேலே புரட்டினாள்.

"அம்பத்திரெண்டுல ஒரு அன்னம் இருக்கே."

"இருக்குதுங்க. அத நான் இன்னும் தைக்கல."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இத எனக்குக் குடுங்கக்கா. தைச்சுப் பாக்கணும்."

மயிலாத்தாள் திகைத்தாள். ஒரு மாதமாக எந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் 'சரி' என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தவள், இன்றைக்குத் தானே கேட்கிறாள். அட்டைகூட இல்லாத புத்தகத்தை.

பையில் கைவிட்டுத் துழாவி அந்தப் பென்சிலையும் எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தாள். முனை மழுங்கியிருந்தது. எழுந்தவள் போகாமல் நின்றாள்.

"டீச்சர், நல்ல பொஸ்தகம் எதுன்னு அன்னைக்குக் கேட்டேனுங்களே. அது இதுதானுங்களா?"

டீச்சர் பிளேடை எடுத்துப் பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

"இப்பதான்க்கா ஆயிட்டு வருது."